கம்பியில் ஒரு வட்டம், ரேடியோவில் ஒரு வட்டம்

செம்பட்டியில் நின்று பார்த்தால் மேற்கே பழனிமலைத் தொடர், கிழக்கே சிறுமலை. நடுவில் தென்னந்தோப்பும் மேட்டுக்காடுமாகச் சமதரை. ஆடி பிறந்தால் மேற்கிலிருந்து வரும் காற்று தென்னை மட்டைகளை உதிர்த்துப் போடும். மாதிரி விமானம் விடுகிறவருக்கு இந்தத் தரையும் காற்றும் உதவுமா, இடைஞ்சலா என்பது அவர் கையில் எந்த வகை விமானம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஏற்றவும் இறக்கவும் பழகிய மாதிரி விமானக் கழக உறுப்பினருக்கு அடுத்து வரும் ஆசை குட்டிக்கரணம். மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரை இழுத்துப் பிடித்தால் விமானம் எப்படியும் ஒரு லூப் அடித்துவிடும். அது முட்டையாக நீளாமல் வட்டமாக வந்ததா, தொடங்கிய உயரத்திலேயே முடிந்ததா என்று யாராவது கேட்கும்போதுதான் துல்லியக் கரணம் தொடங்குகிறது. உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பு இதை இரண்டு பிரிவுகளில் நடத்துகிறது. கம்பியில் பறப்பது எஃப்2பி, ரேடியோவில் பறப்பது எஃப்3ஏ. இரண்டிலும் கரணத்துக்குக் கரணம் நடுவர்கள் 10 வரை மதிப்பெண் போடுவார்கள். புதியவரை முதலில் எதில் இறக்குவது என்று கேட்டால், நான் கம்பியின் பக்கம்.

கம்பி விமானத்தின் இறக்கையிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் வந்து கைப்பிடியில் முடிகின்றன. கைப்பிடியைச் சாய்த்தால் எலிவேட்டர் ஏறும், இறங்கும். பயிற்சி விமானத்தில் வேறு கட்டுப்பாடே கிடையாது. எஃப்2பி விதிப்படி கம்பி 15 முதல் 21.5 மீட்டர் வரை. முளைக்குச்சியில் கட்டிய கன்று தரையில் வட்டமடிக்கிறது. இந்த விமானம் மேலேயும் போகலாம் என்பதால் அதன் எல்லை ஓர் அரைக்கோளம். 20 மீட்டர் கம்பியில் ஒரு சுற்றை ஐந்தேகால் நொடியில் முடித்தால் வேகம் மணிக்குச் சுமார் 85 கிலோமீட்டர். அப்போது விமானம் தன் எடையைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு விசையோடு கையை இழுக்கும். பட்டம் விட்டவருக்கு இந்த இழுப்பு உடனே புரியும். நூல் தொய்ந்தால் பட்டம் சொன்னபடி கேட்காது, கம்பியும் அப்படித்தான். முதல் நாள் தலை கிறுகிறுக்கும். பின்னால் ஓடும் மரங்களை விட்டுவிட்டு விமானத்தை மட்டும் பார்த்தால் அது குறையும். என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்கள் பலர் மாதிரி விமானத்தை முதலில் தொட்டது இந்தக் கைப்பிடி வழியாகத்தான்.

ரேடியோவில் எலிவேட்டர், இறக்கையைச் சாய்க்கும் எய்லரான், மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் ரடர், எஞ்சினைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் என்று நான்கையும் இரண்டு கட்டைவிரல்கள் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். எஃப்3ஏ விமானம் நீளத்திலும் அகலத்திலும் 2 மீட்டருக்குள், எடை 5 கிலோவுக்குள். அது சுமார் 150 மீட்டர் தள்ளிப் பறக்கிறது. நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தெரிவதால் புதியவர்கள் பலர் விமானத்தை இழப்பது அந்த நொடியில். கம்பியில் விமானம் எப்போதும் பக்கவாட்டில்தான் தெரியும். அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. தலைகீழாகப் பறக்கும்போது மேல் கீழாக மாறுவது மட்டும் இரண்டுக்கும் பொது. அந்த ஒன்றை, வேறெதுவும் குறுக்கிடாமல், கை தானாகச் செய்யும் வரை பழகக் கம்பி விடுகிறது.

இடக்கணக்கும் கம்பிக்கே சாதகம். அறுவடை முடிந்த, சதுரமான ஒரு ஏக்கர் காடு போதும். எஃப்3ஏ கேட்பது இடமும் வலமும் 60 பாகை, மேலே 60 பாகை. 150 மீட்டர் தொலைவில் அது அரைக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட அகலமாகவும் 260 மீட்டர் உயரமாகவும் விரிகிறது. 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தின் உச்சி 120 மீட்டர். அதற்கு மேல் அனுமதி வாங்க வேண்டும். ரேடியோவில் முழுக் கரண வரிசையையும் பழக நினைக்கும் கழகம் முதலில் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

ஆனால் கம்பியால் சொல்லித்தர முடியாதது நிறைய. பக்கவாட்டில் உருளும் ரோல் கிடையாது. காற்றுப் பாடமும் பாதிதான். கம்பிக்காரர் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு கரணம் போட்டால், காற்றே விமானத்தை வெளியே தள்ளிக் கம்பியை விறைப்பாக வைத்திருக்கும். ரேடியோக்காரருக்கு அந்தச் சலுகை இல்லை. மூக்கைக் காற்றுப் பக்கம் சற்றுத் திருப்பி, விமானம் கோணலாக நின்றாலும் போகும் தடம் நேராக இருக்கும்படி ரடரால் பிடிக்க வேண்டும். வட்டமான லூப்புக்கு ஏறும்போது த்ராட்டிலைக் கூட்டி, இறங்கும்போது குறைத்து, உச்சியில் எலிவேட்டரைத் தளர்த்த வேண்டும். ஆடிக்காற்றில் இதைப் பழகியவருக்கு மார்கழிக் காலையில் வேலை பாதியாகத் தெரியும்.

கம்பி ஒரு கெட்ட பழக்கத்தையும் கொடுத்துவிடும். தன்னைச் சுற்றியே பறந்த கண், ரேடியோவுக்கு மாறியதும் நேர்கோட்டை வில்லாக வளைக்கும். எதிரே கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர் நிற்பதாக நினைத்து, அதன்மேல் கோடு போடுவதுபோல் பறக்க வேண்டும். இந்தத் திருத்தம் தாமதமானால் கடினம். அதனால் ஒரு பருவம் கம்பியில் பழகியதும் ரேடியோவுக்கு மாற்றிவிடலாம் என்பேன்.

அந்தப் பருவத்தில் எஃகுக் கம்பியைக் கையில் பிடித்து நிற்பவர் மின்கம்பிக்கு அருகில் நிற்கவே கூடாது. பம்புசெட்டுக்குப் போகும் லைன் எந்தக் காட்டிலும் குறுக்கிடும். அதைப் பார்க்காமல் வட்டம் குறிக்கக் கூடாது. பழனிமலைப் பக்கம் இடி கேட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். கைப்பிடியை மணிக்கட்டோடு வார் போட்டுக் கட்டுவதும், பறக்கும் முன் கம்பியை இழுத்துச் சோதிப்பதும் விட்டுவிடக் கூடாதவை.

பழகும் முறை இரண்டுக்கும் ஒன்றே. முதலில் கரணமே வேண்டாம்: கம்பியில் 1.5 மீட்டர் உயரத்தில் ஏற்ற இறக்கமில்லாத சுற்றுகள், ரேடியோவில் இடமிருந்து வலமும் வலமிருந்து இடமும் நேர்கோடு. பிறகு ஒரே ஒரு லூப். ஒருவர் பறக்க, இன்னொருவர் அடுத்த கரணத்தைச் சொல்லிக்கொடுக்க, மூன்றாமவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து மதிப்பெண் போடட்டும். முட்டையாக வந்த லூப்பை முட்டை என்றே எழுதிக்கொடுக்கும் நண்பர் அவராக இருக்க வேண்டும்.