கண்ணாடியின் மீது விழுந்த பழி

டெலிபோட்டோ ஜூம் லென்ஸில் எடுத்த படம் தெளிவாக வாராது என்பது நிழற்படக்காரர்களிடையே நெடுநாள் வழங்கிவரும் பழிச்சொல். அதில் பாதிதான் நியாயம் என்பதை அந்த லென்ஸின் வரலாற்றைப் படிப்போர் அறிவர்.

1891-இல் இங்கிலாந்தில் டால்மேயரும், ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல், மீத்தே ஆகியோரும் தனித்தனியே டெலிபோட்டோ லென்ஸைக் கண்டடைந்தனர். முன்னே குவிக்கும் கண்ணாடித் தொகுதி, பின்னே விரிக்கும் தொகுதி. இதனால் லென்ஸின் நீளம் அதன் குவியத் தொலைவைவிடக் குறைந்தது. ஜூம் வசதி நிழற்படக் கேமராவுக்கு வந்தது பின்னர்தான். ஃபிராங்க் பேக் வடிவமைத்த ஃபோக்ட்லேண்டர் ஜூமார் 1959-இல் வெளியாயிற்று. அதே ஆண்டில் நிக்கான் நிறுவனம் 85-250 மில்லிமீட்டர் ஜூமை அறிவித்தது. ஜூமில் கண்ணாடித் தொகுதிகளின் இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும். ஒரு நிலையில் திருத்திய ஒளிப்பிழை மற்றொரு நிலையில் தலைகாட்டும். ஆகவே தொடக்கக் காலப் பழி நியாயமானதே. கணிப்பொறிக் கணக்கீடும் மேற்பூச்சும் வளர வளர அந்தக் குறை பெரிதும் தணிந்தது.

பழி மட்டும் தணியவில்லை. காரணம், கை. 300 மில்லிமீட்டரில் கையின் நடுக்கம் 50 மில்லிமீட்டரில் தெரிவதைப்போல் ஆறு மடங்காகப் படத்தில் விழும். குவியத் தொலைவு எவ்வளவோ, ஷட்டர் வேகம் ஏறத்தாழ அதன் தலைகீழாக, அதாவது 300-க்கு 1/300 நொடியாக, இருத்தல் வேண்டும் என்ற பழைய விதி இதனால் பிறந்தது. மலிவான ஜூமின் நீண்ட முனையில் துளை எஃப் 5.6 அளவே திறக்கும். 100 வேகப் பிலிமில் மாலை நிழலில் 1/300 நொடி ஏது? மங்கல் படமே மிஞ்சியது. கண்ணாடியைத்தான் எல்லோரும் வைதனர். (தன் கையைக் குறைசொல்ல யாருக்கு மனம் வரும்?)

1995-இல் கேனான் வெளியிட்ட 75-300 லென்ஸ் இதில் ஒரு திருப்பம். உள்ளிருந்த உணரிகள் நடுக்கத்தை அளந்தன. ஒரு கண்ணாடித் தொகுதி அதற்கேற்ப நகர்ந்து பிம்பத்தை நிலைநிறுத்தியது. 1/300 வேண்டிய இடத்தில் ஏறத்தாழ 1/75 போதும் என்றாயிற்று. அதன் கண்ணாடி ஒன்றும் உயர்தரமானதன்று என்பது இங்கே கவனிக்கத்தக்கது. எனினும் பறக்கும் பறவையின் சிறகை அக்கருவி நிறுத்திவிடாது. அதற்கு வேகமான ஷட்டரே வழி. முக்காலியில் பொருத்தினால் அதை அணைத்துவிடவும் வேண்டும், இல்லாவிடில் இல்லாத நடுக்கத்தைத் திருத்தப் புகுந்து படத்தைக் கெடுக்கும்.

ஐயமிருப்போர் ஒரு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, 300 முனையில், ஒரே துளை அளவில், முக்காலியில் ஒரு படமும் கையில் பிடித்து ஒரு படமும் எடுத்து எழுத்துகளை ஒப்பிடலாம். முக்காலிப் படமும் மங்கினால் துளையை எஃப் 8-க்குச் சுருக்கிப் பார்க்கட்டும். அதிலும் மங்கினால் கண்ணாடியை வையலாம்.