சாலஞ்சர் கற்றல் மையங்கள்

1986 சனவரி 28 அன்று சாலஞ்சர் விண்ணோடம் ஏவப்பட்ட 73 நொடிகளில் சிதறியது. உயிரிழந்த எழுவரில் ஒருவரான கிறிஸ்டா மெக்காலிஃப், நியூ ஆம்ப்சயர் மாநிலம் கான்கார்டு நகரின் உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. விண்ணப்பித்த 11,000-க்கும் மேற்பட்ட ஆசிரியர்களிலிருந்து தேர்வானவர். விண்ணோடத்திலிருந்தே அவர் இரண்டு பாடங்கள் நடத்துவதாக இருந்தது.

எழுவரின் குடும்பத்தாரும் அவ்வாண்டிலேயே ஒன்றுகூடி, நின்றுபோன அந்தக் கல்விப் பணியைத் தொடர முடிவு செய்தனர். விண்ணோடத் தளபதி டிக் ஸ்கோபியின் மனைவியும் கல்வியாளருமான ஜூன் ஸ்கோபி இம்முயற்சிக்குத் தலைமை ஏற்றார். முதல் கற்றல் மையம் 1988-இல் ஊசுட்டன் இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்தில் திறக்கப்பட்டது.

இம்மையத்தில் இரண்டு அறைகள் இருக்கும். ஒன்று விண்கலம், மற்றொன்று தரைக் கட்டுப்பாட்டு அறை. வகுப்பில் பாதிப்பேர் ஒன்றிலும் மீதிப்பேர் மற்றொன்றிலும் அமர்வர். வழிகாட்டல், மருத்துவம், உயிர்காப்பு, தகவல் தொடர்பு என்று கலத்தில் உள்ள ஒவ்வொரு குழுவுக்கும் தரையில் ஓர் இணைக்குழு உண்டு. பாதிப் பயணத்தில் இரு சாராரும் இடம் மாறுவர். நம் வகுப்பறைக் குழுவேலையில் நன்றாகப் படிக்கும் ஒரு பிள்ளை எழுத, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். இங்கு அது எளிதில் நடக்காது. ஒருவரிடம் உள்ள அளவீடு அடுத்தவரிடம் இல்லை. வாய் திறந்து சொன்னால்தான் கலம் நகரும்.

இதே முறையைப் பூமிக்கும் பயன்படுத்தினார்கள் என்பதே புவியியல் கற்பிப்போர் கவனிக்க வேண்டியது. மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகர மையம் உருவாக்கிய 'ஆபரேஷன் மொன்செராட்' என்ற பயிற்சியில், மாணவர்கள் தம் வகுப்பறையில் இருந்தபடியே காணொளி வழியாகக் கட்டுப்பாட்டு அறையுடன் பேசுகின்றனர். களம், கரீபியன் கடலில் உள்ள மொன்செராட் தீவு. அங்குள்ள சூஃப்ரியர் குன்றுகள் எரிமலை 1995 சூலையில் சீறத் தொடங்கியது. தலைநகர் பிளிமத் கைவிடப்பட்டது. 1997 சூன் 25 அன்று 19 பேர் இறந்தனர்.

பயிற்சியில் எரிமலையோடு ஒரு சூறாவளியும் தீவை நெருங்கும். நில அதிர்வுகளையும் பாறைச் சரிவுகளையும் ஒரு குழு கணக்கிடும். புயலின் பாதையை மற்றொரு குழு வரையும். மக்களை வெளியேற்றும் குழு இவ்விரண்டையும் கேட்டே முடிவெடுக்க வேண்டும். தாமதித்தால் எரிமலை, அவசரப்பட்டால் மக்கள் புயலில் சிக்குவர். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு வரைபடத்தின் ஒரு கோடு இத்தனை கனமாகத் தெரியும் வேறு பாடவேளையை நான் அறியேன்.

விண்வெளியில் செய்துகாட்ட மெக்காலிஃப் திட்டமிட்டிருந்த செயல்முறைகளில் சிலவற்றை, 32 ஆண்டுகள் கழித்து 2018-இல், பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ஜோ அகாபாவும் ரிக்கி ஆர்னால்டும் செய்து படம்பிடித்தனர். இருவரும் முன்னாள் பள்ளி ஆசிரியர்கள்.