வடக்கே செல்லும் பறவைகள்

பங்குனி மாதம் பிறந்தால் தலைநகராகிய டில்லியில் இரண்டு மாறுதல்கள் நிகழும். அலுவலக அறைகளில் மின்விசிறிகள் சுழலத் தொடங்கும். அவ்வறைகளுக்கு வெளியேயுள்ள புல்வெளிகளில், குளிர்காலம் முழுவதும் வாலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டு ஓடித் திரிந்த வாலாட்டிக் குருவிகள், ஒருநாள் சொல்லாமற் கொள்ளாமல் மறைந்துவிடும். மொழிபெயர்ப்புப் பணிக்காக இங்கு வந்து சேர்ந்த முதலாண்டில் இந்த இரண்டாவது மாறுதலை நான் கவனிக்கவில்லை. புரட்டாசி முடிவில் அதே புல்வெளிக்கு அவை திரும்பி வந்தபோதுதான், இடைப்பட்ட திங்கள்களில் அவை எங்கே இருந்தன என்னும் வினா என் உள்ளத்தில் எழுந்தது. அவ்வினாவுக்கு மனிதன் விடை கண்ட வரலாற்றையே இன்று சிறிது சிந்திப்போம்.

பறவைகளுட் சில இடம் பெயர்கின்றன என்பதைக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் அறிந்திருந்தார். ஆயினும், தகைவிலான் குருவிகள் பொந்துகளில் ஒடுங்கிக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன என்றும் அவர் எழுதினார். அக்கருத்து ஐரோப்பாவில் நெடுங்காலம் நிலைத்தது. 1822-ஆம் ஆண்டு வசந்த காலத்தில், ஜெர்மனியின் க்ளூட்ஸ் என்னும் ஊரருகே ஒரு செங்கால் நாரை சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன் கழுத்தில் ஆப்பிரிக்க நாட்டு ஈட்டியொன்று ஊடுருவி நின்றது. ஈட்டி தைத்த கழுத்துடனேயே அது கண்டம் கடந்து வந்திருந்தது! ரோஸ்டாக் பல்கலைக் கழகத்தில் பாடம் செய்து வைக்கப்பெற்ற அந்த நாரை, நூல்கள் பல சொல்லாத உண்மையைச் சொல்லிற்று. பின்னர், 1899-இல், டென்மார்க் நாட்டுப் பள்ளி ஆசிரியர் மார்ட்டென்சன் என்பவர், மைனா இனப் பறவைகளின் கால்களில் எண் பொறித்த அலுமினிய வளையங்களை மாட்டிப் பறக்கவிட்டார். அன்று முதல் பறவைகளின் பயணம் விஞ்ஞானத்தின் ஏட்டில் ஏறியது.

தமிழ்ப் புலவர்களோ இப்பயணத்தைப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே பாட்டில் ஏற்றினர். குமரித் துறையில் இரை அருந்திவிட்டு வடமலைக்குச் செல்லும் அன்னத்தை, உறையூரில் தன் நண்பன் கோப்பெருஞ்சோழனிடம் தங்கிச் செல்லுமாறு பிசிராந்தையார் வேண்டுவது புறநானூற்றின் 67-ஆம் பாட்டு. மதுரையில் குளிரில் நடுங்கிய சத்திமுத்தப் புலவர், வடதிசை திரும்பும் நாரையைத் தம் மனைவியிடம் தூது விடுத்தார். இருவர் பாட்டிலும் பறவை செல்லும் திசை தெற்கன்று, வடக்கு. குளிர்காலம் கழிந்து தாயகம் திரும்பும் பறவையையே அவர்கள் கண்டிருக்கிறார்கள்.

இது வெறுங் கற்பனையன்று. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்திற்குக் குளிர்காலந்தோறும் வரும் வரித்தலை வாத்துக்கள், வெயில் ஏறுமுன் இமயத்திற்கு அப்பாலுள்ள திபெத்து, மங்கோலியா முதலிய நாடுகளின் ஏரிகளை நோக்கிப் புறப்படும் இனத்தைச் சேர்ந்தவை. பிசிராந்தையார் கண்டது இப்பறவையே என்று அறுதியிட்டுக் கூற நான் துணியேன். ஆனால் அவர் சொன்ன வழி உண்மையான வழியே. செயற்கைக் கோள்களுக்குச் செய்தி அனுப்பும் கருவிகளைப் பூட்டி அண்மைக் காலத்தில் நிகழ்த்திய ஆராய்ச்சிகள், இவ்வாத்துக்கள் 7,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலும் பறப்பதைக் காட்டியுள்ளன. அவை பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் மலையைக் கடக்கின்றன. அப்பொழுது காற்று குளிர்ந்தும் செறிந்தும் இருப்பதால் சிறகுக்கு ஊன்றுதல் கிடைக்கிறது.

இந்தியாவில் இவ்வாராய்ச்சியை வளர்த்த பெருமை, 1883-இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சாரும். கிடைத்தால் பம்பாய்க் கழகத்திற்குத் தெரிவிக்கவும் என்னும் பொருள்பட எழுத்துப் பொறித்த வளையங்களை அது பறவைகளுக்கு அணிவித்தது. இப்பணிக்குப் பெருந்துணையாக வந்தது ஒரு நோய் என்பது வியப்பளிக்கும் செய்தி. 1957-இல் மைசூர் இராஜ்யத்தின் ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிந்தன, மக்களும் காய்ச்சலுற்றனர். அந்நோயின் நச்சுயிரி ரஷ்ய நாட்டில் காணப்பட்ட ஒன்றை ஒத்திருந்தமையால், வலசைப் பறவைகளின் உடலில் ஒட்டிய உண்ணிகள் அதனைக் கொணர்ந்தனவோ என்ற ஐயம் பிறந்தது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆதரவுடன், டாக்டர் சாலிம் அலியின் தலைமையில், 1959 முதல் பறவைகளுக்கு வளையமிடும் பணி பெருகிற்று. பறவைகள்தாம் நோயைக் கொணர்ந்தன என்பது நிலைநாட்டப்படவில்லை. அக்காட்டிலேயே வாழும் உண்ணிகளே அதனைப் பரப்பின. ஐயம் பொய்த்தாலும் அறிவு வளர்ந்தது. பரத்பூரில் வளையமிட்ட வாத்துக்கள் சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் கிடைத்தன. வலைவீசிப் பறவை பிடிப்பதையே குலத்தொழிலாகக் கொண்ட பீகாரைச் சேர்ந்த மீர்ஷிகார்கள், இம்முறை பறவைகளைப் பிடித்து உயிருடன் விடுவதற்குத் தம் கைத்திறனை அளித்தார்கள்.

ஆக்ராவுக்கு மேற்கே அமைந்த பரத்பூரின் வரலாறு நாம் அறிய வேண்டியதொன்று. 1938-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி, வைசிராய் லின்லித்கோ பிரபுவின் வேட்டையில் அங்கு ஒரே நாளில் 4,273 பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. வேட்டைக்காக உருவாக்கிய அதே நீர்நிலை 1982-இல் தேசியப் பூங்காவாயிற்று. 1985-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. துப்பாக்கி ஓய்ந்த இடத்தில் தொலைநோக்கி வந்தது.

எனினும், அந்த மாறுதல் ஒரு பறவைக்குப் பயன்படவில்லை. சைபீரியாவின் ஓப் ஆற்றுப் படுகையிலிருந்து ஆப்கானிஸ்தானத்தின் வழியாகப் பரத்பூருக்கு வந்துகொண்டிருந்த வெண்ணிறச் சைபீரியக் கொக்குகள், 1960-களில் ஏறத்தாழ 200 இருந்தன. ஆண்டுதோறும் வசந்தத்தில் புறப்பட்டவற்றுள் திரும்பியவை குறைந்துகொண்டே வந்தன. நெடுவழியில் வேட்டையும், வற்றிய நீர்நிலைகளும் அவற்றை அழித்தன. 2001–02-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் இறுதியாக ஓர் இணை வந்தது. அவ்விணை வடக்கே சென்றபின் பரத்பூருக்கு அக்கொக்குகள் வரவில்லை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. குயில் இனப் பறவைகள் பெற்றோரைக் காணாமலே வழியறிந்து பறக்கின்றன. கொக்குகளோ அவ்வாறல்ல, குஞ்சு தன் பெற்றோருடன் முதற்பயணம் சென்றே வழியைக் கற்கிறது. எனவே வழியறிந்த மூத்த பறவைகள் மறைந்தால் வழியும் மறைந்துபோகிறது. ஏரியில் நீர் இருக்கலாம், காவலும் இருக்கலாம், வழிகாட்ட ஒருவரும் இரார். பிறமாநிலத்தில் பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நம் வீட்டில் நாம் பேசாத சொல்லை நம் பிள்ளைகள் வேறெங்கும் கற்கப்போவதில்லை.

பறவைகளை நோக்குதல் பெரும் பட்டம் பெற்றோர்க்கே உரிய கலையன்று. காந்தியடிகளின் நண்பரான ஹொரேஸ் அலெக்சாண்டர் முதலியோர் 1950-இல் டில்லிப் பறவை நோக்குவோர் சங்கத்தை நிறுவினர். பின்னாளில் பிரதமரான இந்திரா காந்தியும் அதில் உறுப்பினராக இருந்தார். உஷா கங்கூலி அம்மையார் எழுதிய டில்லி வட்டாரப் பறவைகள் பற்றிய நூல் 1975-இல் வெளிவந்தது. 2007-இல் தொடங்கிய 'மைக்ரன்ட்வாட்ச்' என்னும் இயக்கம், வலசைப் பறவைகளைக் கண்ட நாட்களைப் பொதுமக்களிடமிருந்தே திரட்டிற்று. எந்தப் பறவை எந்நாளில் வந்தது, எந்நாளில் சென்றது என்று அன்பர் பலர் பொறுமையுடன் எழுதிவைத்த குறிப்புக்களே இன்று பருவநிலை மாறுதலை அளக்கும் கருவியாகின்றன.

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. முதலில் வந்த பறவையைக் குறித்தல் எளிது, கண்டவுடன் எழுதிவிடலாம். கடைசியாகச் சென்றதைக் குறித்தல் அரிது. இன்று கண்ட பறவையே கடைசிப் பறவை என்பது இன்று தெரியாது. ஆகவே வசந்தத்தில் நாள்தோறும் பார்த்து, நாள்தோறும் எழுதவேண்டும். பரத்பூரில் அந்த இறுதி இணையைக் கண்டவர்களும் அதுவே இறுதி என அறிந்திருக்கமாட்டார்கள்.

நேயர்களே, நீங்கள் கல்கத்தாவில் இருந்தாலும், நாகபுரியில் இருந்தாலும், உங்கள் வீட்டருகே ஒரு புல்வெளியோ குட்டையோ இருக்கும். மாசி, பங்குனி மாதங்களில் காலையில் அலுவலகம் புறப்படுமுன் பத்து நிமிடம் அங்கே நில்லுங்கள். கண்டதை நாட்குறிப்பில் எழுதுங்கள். உடன் உங்கள் பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். பறவையின் பெயரைத் தமிழில் சொல்லிக் கொடுங்கள்.