துளை அட்டை தந்த வேகம், தீ தந்த பாடம்

மக்கள்தொகையைக் கணக்கிட்டு முடிப்பதற்குள் அடுத்த கணக்கெடுப்பே நெருங்கிவிட்டால் என்ன செய்வது? அமெரிக்காவுக்கு இந்தச் சங்கடம் நேர்ந்தது. 1880-ஆம் ஆண்டு திரட்டிய விவரங்களைக் கையால் தொகுத்து முடிக்க ஏறத்தாழ 7 ஆண்டுகள் ஆயின.

1890-இல் ஹெர்மன் ஹாலரித் என்ற பொறியாளரின் இயந்திரம் கைகொடுத்தது. ஆளுக்கு ஓர் அட்டை. வயது, தொழில் போன்ற ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு துளை. அட்டைமீது ஊசிகளை அழுத்தினால், துளையுள்ள இடத்தில் மட்டும் ஊசி நுழைந்து கீழேயுள்ள பாதரசத்தைத் தொடும். மின்சுற்று நிறைவுறும், எண்காட்டியின் முள் ஓர் எண் நகரும். 6 கோடிக்கு மேற்பட்ட மக்களின் விவரங்கள் முன்னைவிட விரைவாகத் தொகுக்கப்பட்டன.

வேகம் கிடைத்தது. பாதுகாப்பு? முந்தைய கணக்கெடுப்புகளில் படிவங்களின் நகல் உள்ளூர் அலுவலகங்களிலும் இருந்தது. 1890-இல் அந்தக் கட்டாயம் இல்லை. 1921 ஜனவரி 10 அன்று, வாஷிங்டனில் அவற்றை வைத்திருந்த கட்டடத்தின் நிலவறையில் தீப்பற்றியது. சில படிவங்கள் எரிந்தன. பல, தீயணைத்த நீரில் நனைந்தன. எஞ்சியவற்றையும் பின்னர் அரசே அழித்தது. மொத்தத் தொகைகள் அச்சில் உள்ளன. பெயர்களோ சுமார் 6,000 பேருக்கு மட்டுமே மிஞ்சின.

மாணவ நண்பர்களே, உங்கள் கல்லூரி ஆவணங்களைப் புதிய கணிப்பொறிக்கு மாற்றும்போது எல்லோரும் "எவ்வளவு வேகம்?" என்று கேட்பார்கள். நீங்கள் இன்னொன்றும் கேளுங்கள்: "நகல் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது?"