பின்னால் விழும் ஒளி

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் எஞ்சினைப் பற்றியும் சக்கரத்தைப் பற்றியும் ஏடேடாக எழுதியிருக்கின்றனர். வண்டி பின்னோக்கி நகரும்போது எரியும் சிறு வெள்ளை விளக்கைப் பற்றி ஒரு வரி இருந்தாலே பெரிது. ஓட்டுநர்கள் ‘ரிவர்ஸ் விளக்கு’ என்று சொல்லும் அவ்விளக்கு போதவில்லை எனக் கருதி, அதனினும் ஒளிமிக்க துணை விளக்குகளைப் பலர் இன்று வாங்கிப் பூட்டிக்கொள்கின்றனர். இவ்வேட்கைக்குப் பின்னே நூறாண்டுக் கதை ஒன்று உண்டு.

தொடக்கத்தில் வண்டிக்கு ஒளி தந்தது மின்சாரம் அன்று. கால்சியம் கார்பைடைப் பேரளவில் உண்டாக்கும் முறையை 1892-ஆம் ஆண்டில் கனடா நாட்டவரான தாமஸ் வில்சன் கண்டறிந்தார். அக்கார்பைடின்மேல் நீர் சொட்டச் சொட்ட அசிட்டிலின் வாயு எழும். முன்விளக்கில் எரிந்தது அதுவே. பின்புறத்திலோ சிவப்புக் கண்ணாடி பதித்த மண்ணெண்ணெய் விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டிருக்கும். ‘இங்கே ஒரு வண்டி நிற்கிறது’ என்று பிறர்க்கு அறிவிக்கவே அது பயன்பட்டது. ஓட்டுநர் பின்னால் பார்ப்பதற்கு அன்று.

1908-இல் வெளிவந்த போர்டு ‘டி’ வண்டிக்கு மூன்று மிதிகள். நடுமிதியை அழுத்தினால் வண்டி பின்னோக்கிச் செல்லும். எரிநெய், கலத்திலிருந்து தன் எடையாலேயே எஞ்சினுக்கு இறங்கும் அமைப்பாதலால், செங்குத்தான மேட்டில் முன்னோக்கி ஏறினால் நெய் எட்டாது போவதுண்டு. எனவே மேடுகளில் பின்புறமாகவே ஏறினர் பலர்! 1915 முதல் அவ்வண்டிக்கு மின் முன்விளக்கு வந்தது. ஆனால் எஞ்சினோடு இணைந்த மாக்னெட்டோவிலிருந்து அதற்கு மின்சாரம் கிடைத்தமையால், வேகம் குறைந்தால் ஒளியும் குறைந்தது.

இக்குறையைத் தீர்த்தது பாட்டரி. சார்லஸ் கெட்டரிங் வகுத்த மின் தொடக்கியும் மின்விளக்கும் 1912-ஆம் ஆண்டு காடிலாக் வண்டியில் இடம்பெற்றன. அதன்பின் வண்டியின் எம்மூலையிலும் கம்பி இழுத்து விளக்கு வைத்தல் எளிதாயிற்று.

வைத்தவர் யார்? போர்டு நிறுவனத்தில் நெடுநாள் உழைத்து, 1919-இல் விலகிய ஹரால்டு வில்ஸ் என்னும் பொறியியல் வல்லுநர், மிச்சிகனில் மேரிஸ்வில் என்னும் ஊரில் தம் பெயரால் ‘வில்ஸ் செயின்ட் கிளேர்’ வண்டியைச் செய்தார். 1921-இல் வெளிவந்த அவ்வண்டியே முதன்முதல் ரிவர்ஸ் விளக்கைத் தாங்கியது என்பர். விலை மிகுந்த வண்டி. சில ஆண்டுகளில் தொழிற்சாலையும் மூடப்பட்டது. விளக்கு மட்டும் நிலைத்தது. 1919-இல் அமெரிக்கக் கார்களில் பத்தில் ஒன்றே மூடிய உடலுடையது. 1927-இல் பத்தில் எட்டுக்கு மேல். திறந்த வண்டியில் கழுத்தைத் திருப்பிப் பார்த்தவர்க்கு மூடிய வண்டியில் கிடைத்தது ஒரு சிறு சன்னல். ரிவர்ஸ் விளக்கு நிலைத்தமைக்கு இம்மாற்றமே தலையாய காரணம் என்பது என் கருத்து.

விளக்கு பெருகவே சட்டமும் வந்தது. 1968-ஆம் ஆண்டு வியன்னாவில் உருவான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை, ரிவர்ஸ் விளக்கு வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இருக்கலாம், பிறர் கண்ணைக் கூசச் செய்தல் ஆகாது என்றது. ஐரோப்பிய விதி, கிடைமட்டத்திற்கு மேலே செல்லும் ஒளி 300 கேண்டெலாவை மிஞ்சலாகாதென வரம்பிட்டது. 21 வாட் பல்பு ஒன்றே பெரும்பாலான கார்களில் நெடுங்காலம் போதுமெனக் கொள்ளப்பட்டது இதனாலேயே. முன்னே 55 வாட், பின்னே 21 வாட் என்றால் ஓட்டுநர் குறைப்படுவதில் வியப்பென்ன?

குறைப்படுவோர் பக்கமும் நியாயம் உண்டு. அமெரிக்க அரசின் கணக்குப்படி, பின்னோக்கி வந்த வண்டிகளால் அந்நாட்டில் ஆண்டுதோறும் சராசரி 210 பேர் இறந்தனர். ஏறத்தாழ 15,000 பேர் காயமுற்றனர். இறந்தோரில் நூற்றுக்கு 31 பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். 26 பேர் எழுபதும் அதற்கு மேலும் ஆன முதியோர்.

துணை விளக்கு பூட்டுவோர் அறியவேண்டிய நுட்பம் சிறிது. பழைய ரிவர்ஸ் விளக்கின் மெல்லிய கம்பியிலேயே புதுவிளக்கையும் கோத்துவிட்டால் கம்பி சூடேறும், பியூஸ் போகும். பாட்டரியிலிருந்து தனிக் கம்பி, அதற்கெனத் தனி பியூஸ், இடையே ரிலே. பழைய கம்பி ரிலேயை இயக்கும் குறிப்பை மட்டும் தரவேண்டும். இம்முறையில் ரிவர்ஸ் கியர் போட்டாலன்றி விளக்கு எரியாது. சிலர் முன்னே தனிச் சுவிட்சு வைத்து, அணைக்க மறந்து நெடுஞ்சாலையில் செல்கின்றனர். பின்வருபவர்க்கு அது எதிரே ஒரு வண்டி வருவதுபோலத் தோன்றும். ஒளி தரையில் விழுமாறு விளக்கைத் தாழ்த்திப் பூட்டாதவர்களும் அதே தீங்கையே செய்கின்றனர்.

2018 மே மாதம் முதல் அமெரிக்காவில் விற்கும் புதிய கார்கள் அனைத்திலும் பின்புறக் காமிரா கட்டாயமாயிற்று. வண்டிக்குப் பின்னே பத்தடி அகலமும் இருபதடி நீளமும் உள்ள நிலத்தை அது காட்டவேண்டும். இரவில் அக்காமிராவிற்கு வெளிச்சம் தருவதும் அந்தப் பழைய சிறு விளக்கே.