நீங்கள் போடும் 'லைக்' உங்கள் வாக்கைக் காட்டிக்கொடுக்குமா?

தேர்தல் நேரம். வேட்பாளர் ஒருவரின் காணொளி உங்கள் திரையில் வருகிறது. பிடித்திருக்கிறது, 'லைக்' போடுகிறீர்கள். அதை வைத்து நீங்கள் எந்தக் கட்சிப் பக்கம் என்று சொல்லிவிட முடியுமா?

கணிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 58,000க்கும் அதிகமானோரின் ஃபேஸ்புக் 'லைக்'குகளை ஆராய்ந்து 2013இல் முடிவுகளை வெளியிட்டனர். அமெரிக்காவின் ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி ஆதரவாளர்களை 85 விழுக்காடு நேரங்களில் கணினி சரியாகப் பிரித்துக் காட்டியது. அரசியல் பக்கங்கள் மட்டும் அல்ல, பிடித்த இசை, உணவு, பொருள்கள் எல்லாமே அதற்குத் துப்பு கொடுத்தன.

எப்போதும் சரியாக இருக்குமா?

இல்லை. அதே ஆண்டு கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ட்விட்டரை ஆராய்ந்தனர். முந்தைய ஆய்வுகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் சரியாக இருந்த கணிப்பு, சாதாரணப் பயனீட்டாளர்களிடம் சுமார் 65 விழுக்காட்டோடு நின்றுவிட்டது. ஓயாமல் அரசியல் பேசுவோரைக் கணிப்பது சுலபம். மற்றவர்கள் அப்படி இல்லை.

யோசித்துப் பாருங்கள்:

- கிண்டலுக்காகவும் பதிவைப் பகிர்வோம்
- எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்று பார்க்கவும் பின்தொடர்வோம்
- "மாமா போட்ட பதிவாச்சே" என்று 'லைக்' போடுவோரும் உண்டு
- எதுவுமே சொல்லாமல் பார்த்துவிட்டுப் போவோர் ஏராளம்

அதனால் ஒரு பதிவுக்குக் கீழே குவியும் கருத்துகளைப் பார்த்துத் தேர்தல் முடிவைச் சொல்ல முடியாது.

பிறகு ஏன் கவலைப்படவேண்டும்?

கணிப்பு சரியோ தவறோ, அதை வைத்து உங்களுக்கு எந்த விளம்பரத்தைக் காட்டலாம் என்று மற்றவர் முடிவெடுக்கலாம். கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் 2018இல் பெரிதாக வெடித்தது. ஒரு செயலியைப் பதிவிறக்கம் செய்தவர்கள் சுமார் 270,000 பேர். ஆனால் அவர்களின் நண்பர்களையும் சேர்த்து 87 மில்லியன் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக் கூறியது. சிங்கப்பூரில் மட்டும் சுமார் 65,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் அந்தச் செயலியைத் தொட்டதே இல்லை!

என் வாக்கு ரகசியம்தானே?

ஆம். சிங்கப்பூரில் எண்ணி முடித்த வாக்குச்சீட்டுகள் ஆறு மாதம் உச்ச நீதிமன்றத்தில் பூட்டி வைக்கப்படும். பிறகு அழிக்கப்படும். உங்கள் 'லைக்'குக்கு அத்தகைய பூட்டு இல்லை.

என்ன செய்யலாம்?

- பழைய செயலிகளுக்குக் கொடுத்த அனுமதியை நீக்குங்கள்
- "நீங்கள் எப்படிப்பட்டவர்?" போன்ற புதிர்களுக்குப் பதில் சொல்லுமுன் அவை என்னென்ன தகவல் கேட்கின்றன என்று பாருங்கள்
- விளம்பர அமைப்புகளுக்குச் சென்று, உங்களுக்கு எவற்றில் ஆர்வம் என்று பட்டியலிடப்பட்டுள்ளதைச் சரிபாருங்கள்
- நண்பர் போட்ட ஒரு பதிவை வைத்து அவரை ஒரு கட்சிக்காரர் என்று முத்திரை குத்தாதீர்கள்

பிடித்ததற்கு 'லைக்' போடுவது உங்கள் விருப்பம். அதை உங்கள் நண்பர்கள் மட்டும் பார்ப்பதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.