ஈஸ்டர்ன் மென்னோனைட் பல்கலைக்கழகமும் குற்றவியல் நீதிக் கல்வியும்

ஈஸ்டர்ன் மென்னோனைட் பல்கலைக்கழகம் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஹாரிசன்பர்க் நகரில் உள்ள கிறித்தவக் கல்வி நிறுவனம். 1917-இல் சிறு பள்ளியாகத் தொடங்கி, 1994-இல் பல்கலைக்கழகமானது. குற்றவியல் நீதிக் கல்வியில் 'மறுசீரமைப்பு நீதி' என்னும் சிந்தனை வளர்ந்த முக்கிய இடங்களுள் இதுவும் ஒன்று.

சமயப் பின்னணி

மென்னோனைட்டுகள் 16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தோன்றிய அனபாப்டிஸ்ட் இயக்கத்தின் வழிவந்தவர்கள். குழந்தைத் திருமுழுக்கை ஏற்க மறுத்ததால் அவர்களின் முன்னோர் அரசாலும் திருச்சபைகளாலும் ஒடுக்கப்பட்டனர். ஃபெலிக்ஸ் மான்ஸ் 1527-இல் சூரிச் நகரில் நீரில் மூழ்கடித்துக் கொல்லப்பட்டார். அதே ஆண்டில் உருவான ஷ்லைட்ஹைம் அறிக்கை, தண்டிக்கும் வாள் உலகியல் அரசுக்கு உரியது என்றும், கிறித்தவர் நடுவர் பதவி ஏற்கலாகாது என்றும் கூறியது. நீதிமன்றத்தால் கொல்லப்பட்டவர்களின் மரபு என்பதால், குற்றத்தையும் தண்டனையையும் பாடமாக்குவது இச்சமூகத்துக்கு எளிய செயலாக இருக்கவில்லை.

அமெரிக்காவில் குற்றவியல் நீதிக் கல்வி

காவலர்களுக்கு உயர்கல்வி தேவை என்ற கருத்தை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வலியுறுத்தியவர் பெர்க்லி நகரக் காவல் தலைவர் ஆகஸ்ட் வோல்மர். ஆயினும் இத்துறை பரவலானது 1960-களின் இறுதியில்தான். காவலர்கள் அனைவரும் காலப்போக்கில் பட்டதாரிகளாக வேண்டும் என்று குடியரசுத் தலைவரின் ஆணையம் 1967-இல் பரிந்துரைத்தது. 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகக் காவலர் கல்விக்குக் கூட்டரசின் நிதியுதவி கிடைத்தது. சமயச் சார்புள்ள கல்லூரிகள் உட்படப் பல நிறுவனங்கள் புதிய துறைகளைத் தொடங்கின. அவற்றுள் பல, காவல்நிலைய நடைமுறைகளைக் கற்பிப்பதோடு நின்றுவிட்டன என்ற விமர்சனம் 1970-களிலேயே எழுந்தது.

எல்மைரா நிகழ்வு

மென்னோனைட் சிந்தனை வேறு பாதையில் வந்தது. 1974-இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் எல்மைரா என்னும் சிற்றூரில், இரண்டு இளைஞர்கள் குடிபோதையில் ஒரே இரவில் 22 சொத்துகளைச் சேதப்படுத்தினர். நன்னடத்தை அலுவலர் மார்க் யான்ட்சி, அவர்கள் பாதிக்கப்பட்டோரை நேரில் சந்திக்கட்டும் என்று நீதிமன்றத்திடம் யோசனை கூறினார். இதற்குச் சட்டத்தில் முன்மாதிரி இல்லை. நீதிபதி அதை ஏற்றுக்கொண்டார். இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று சேதத்தைக் கேட்டறிந்தனர். சில மாதங்களில் இழப்பீடும் வழங்கினர். இதைத் தொடர்ந்து கிச்சனர் நகரில் ஒரு நிரந்தரத் திட்டம் உருவானது.

ஹோவர்ட் செர்

இம்முயற்சியை அமெரிக்காவில் வளர்த்தவர்களுள் முதன்மையானவர் ஹோவர்ட் செர். 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மனி, பிரான்சு நாடுகளின் குற்ற வரலாற்றை ஆய்ந்தவர். 1978-இல் இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட்டில் இத்தகைய சந்திப்புத் திட்டம் தொடங்கியதில் பங்கேற்றார். குற்றம் சாட்டப்பட்டோர் பக்கம் நின்று பணியாற்றிய அவர், பாதிக்கப்பட்டோரைச் சந்தித்த பிறகே தம் பார்வை முழுமையற்றது என்பதை உணர்ந்தார். 1990-இல் வெளிவந்த 'சேஞ்சிங் லென்சஸ்' என்ற நூலில் இச்சிந்தனையை விரிவாக விளக்கினார்.

வழக்கமான நீதிமுறை, எந்தச் சட்டம் மீறப்பட்டது, யார் மீறினார், என்ன தண்டனை என்று கேட்கிறது. செர் முன்வைத்த முறை, யாருக்குத் தீங்கு நேர்ந்தது, அவருக்கு என்ன தேவை, அதை நிறைவேற்றும் கடமை யாருடையது என்று கேட்கிறது.

பல்கலைக்கழகத்தில்

1994-இல் இப்பல்கலைக்கழகம் மோதல் தீர்வுக்கான பட்டமேற்படிப்பைத் தொடங்கியது. ஜான் பால் லெடராக் அதன் நிறுவன இயக்குநர். 1996-இல் செர் ஆசிரியராக இணைந்தார். போர், இனப்பகை ஆகியவற்றைக் கண்ட பல நாடுகளிலிருந்தும் மாணவர்கள் வந்தனர். லைபீரியாவில் அமைதிக்காகப் பெண்களைத் திரட்டிய லேமா போவீ 2007-இல் இங்கே முதுகலைப் பட்டம் பெற்றார். 2011-இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 2012-இல் செர் பெயரில் மறுசீரமைப்பு நீதி நிறுவனமும் இங்கு அமைக்கப்பட்டது.

விமர்சனங்களும் தாக்கமும்

இம்முறை சிறு குற்றங்களுக்கே பொருந்தும் என்பர் சிலர். பாதிக்கப்பட்டவர் மன்னித்தே ஆகவேண்டும் என்ற மறைமுக அழுத்தம் உருவாகலாம் என்பது கனமான எதிர்வாதம். குடும்ப வன்முறையிலும் பாலியல் குற்றங்களிலும் இந்த ஐயம் வலுவானது. மன்னிப்பு இம்முறையின் முதன்மை நோக்கமன்று, சந்திப்பு இருதரப்பின் விருப்பத்தோடு மட்டுமே நடக்கவேண்டும் என்பது செரின் நிலைப்பாடு.

நியூசிலாந்து 1989-இல், மாவோரி மரபை உள்வாங்கி, சிறார் குற்றங்களுக்குக் குடும்பக் கூட்ட முறையைச் சட்டமாக்கியது. ஐக்கிய நாடுகள் அவையின் பொருளாதார, சமூக மன்றம் 2002-இல் மறுசீரமைப்பு நீதிக்கான அடிப்படைக் கோட்பாடுகளை ஏற்றது. நடுவர் இருக்கையை மறுத்த ஒரு மரபின் வழிவந்தோர், அந்த இருக்கையில் அமர்வோர் கேட்கவேண்டிய கேள்விகளை மாற்றியமைப்பதில் பங்காற்றினர்.